ஒன்று என்றால்

செந்த்-மரி விமானதளத்தின் கடைசியில்
இறக்கை இல்லாத ஓர் இரும்பு விமானம்.
பறக்கச் செய்ததல்ல,
எரியச் செய்தது.
காலையிலிருந்து ஆறு முறை எரிந்துவிட்டது.
மதியச் சாப்பாடு இன்னும் வரவில்லை.

விசை கார்ப்பரல் எலோடி வயாபூரியின் கையில்.
என்னைவிடப் பதினொரு வயது சின்னவள்.
அழுத்தினால் தீ, விட்டால் வெறும் இரும்பு.
அணைக்கச் சம்பளம் வாங்குகிறவள்
மூட்டும்போது மட்டும் லேசாகச் சிரிக்கிறாள்.

மொரீஷியஸிலிருந்து நாங்கள் நால்வர்,
மடகாஸ்கரிலிருந்து அறுவர்.
கொமோரோஸ்காரரின் பூட்ஸ்
பெட்டியோடு இன்னும் எங்கோ பறந்துகொண்டிருக்கிறது.
பதினான்காம் வரிசையில் மணல் அடைத்த ஒரு பயணி.
எழுபது கிலோ. அவருக்கு அவசரமே இல்லை.

"கியூர்பென்!" என்றாள்.
அது கருப்பன் என்று திருத்த நேரமில்லை.
முகமூடிக்குள் என் மூச்சு வேறு யாருடையதோ போல.
குழாய்முனை என்னிடம்,
முதுகுக்குப் பின்னால் ரவுலிசன்.
கூரையில் நெருப்பு
கவிழ்த்துப் போட்ட ஆறாக ஓடியது.
முட்டி போட்டோம்.

வலது தோளில் ஒரு தட்டு.
எங்கள் ஊரில் ஒன்று என்றால் நில்.
நின்றேன்.
மறுபடி ஒன்று, கொஞ்சம் அழுத்தமாக.
நானும் அழுத்தமாக நின்றேன்.
அவர்கள் ஊரில் ஒன்று என்றால் போ.
அதை அந்தச் சூட்டில் எனக்கு யார் சொல்வது?
பாடத்தைச் சரியாகப் படித்த இரண்டு பேர்
ஒருவர் பின் ஒருவராய் வெந்துகொண்டிருந்தோம்.
காதுமடல் கூசத் தொடங்கியபோது
அவள் விசையை விட்டாள்.

சட்டென்று பகல்.
கதவு வழியே கரும்புத் தோட்டத்துக் காற்று.
வெளியே வந்து முகமூடி கழற்றினால்
எல்லோர் கழுத்திலும் ஒரே கரி.
"இப்போ எல்லாருமே கருப்பன்தான்" என்றேன், தமிழில்.
வயாபூரிக்குப் புரியவில்லை.
உன் பெயரிலும் ஓர் ஊர் இருக்கிறது என்று
சொல்லப் போனேன்.
அவள் வெப்பமானியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணல் பயணியின் மேல் சாய்ந்து உட்கார்ந்து
நான்கு மொழியிலும் பாதி சைகையிலுமாகப்
பேசி முடித்தோம்:
ஒன்று, நில். இரண்டு, போ.
மூன்று என்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே.
ரவுலிசன் தன் தொடையில் தட்டித் தட்டி
மனப்பாடம் செய்தார், வாய் அசைய.

எட்டாவது முறை அவர் கை இரண்டு சொன்னது.
போனேன்.
பயணியை இழுத்து வருகையில் ஒரு கால் கிழிந்து
வழியெல்லாம் மணல்.
"உயிர் இருக்கிறது" என்று எழுதிக்கொண்டாள்.

ஊர் திரும்பிப் பத்து நாள்.
ரோஸ் ஹில் பஸ்ஸில் மாலை நெரிசல்.
உள்ளே தள்ளி நிற்கச் சொல்லிக் கண்டக்டர்
பின்னாலிருந்து தோளில் இரண்டு தட்டினார்.
முழங்கால் தானாக மடங்கியது.
காய்கறிப் பையைக் கீழே விட்டு
என் இரண்டு கைகளும்
இல்லாத குழாயைப் பிடித்தன.