புல எண் 117/2

கந்திலிக்கு மேற்கே, மாந்தோப்பு நடுவில்,
முனிரத்தினத்துக்கும் பங்காளி ஏகாம்பரத்துக்கும்
ஐந்து முழத் தகராறு.
மனு மேல் மனு. அளக்க என்னை அனுப்பினார்கள்.

வரப்பென்றால் நேராகப் போகும்,
இல்லாவிட்டால் ஓடைக்குப் பயந்து ஒடியும்.
இது இரண்டுமில்லை.
அவசரமே இல்லாமல்
அரைப் பர்லாங்கு வளைந்துகொண்டு போனது.
மாடு இப்படித் திரும்பாது. மனிதனும் மாட்டான்.
"எங்கப்பன் காலத்துலயே கோணல் சார்" என்றார் ஏகாம்பரம்.
"உழுதா கருஞ்ஜல்லி. ட்ராக்டர்காரன்
மணிக்கு நூறு கூடக் கேக்கறான்."

பழைய புலப்படத்தை நிழலில் விரித்தேன்.
இரட்டைக் கோடு. பக்கத்தில் நீல மசியில்
'ரயில்வே' என்று எழுதி
சிவப்பில் அடித்திருந்தது.

இரண்டரை அடி அகலத் தண்டவாளம்.
பஞ்சம் வந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம்
தானியம் போகட்டுமென்று போட்டது.
ஏறியதென்னவோ
புளியும் தோலும் கல்யாணக் கூட்டமும்.
மேட்டில் வண்டி மூச்சுவாங்கும்போது
இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு
ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாமாம்.
எல்லா ஊரிலும் சின்ன ரயிலுக்குச் சொல்வதுதான்.
நான் நம்புவது அளவை மட்டும்.

அப்புறம் யுத்தம். இரும்பு வேண்டுமென்றார்கள்.
பெயர்க்கவும் அதே வண்டிதான் போனது.
கிருஷ்ணகிரிக் கோடியில் தொடங்கி
எதிரே கிடந்த தண்டவாளத்தைக் கழற்றித்
தன்மேலேயே ஏற்றிக்கொண்டு
ஒரு சங்கிலி தூரம் பின்வாங்கும்.
மறுபடி கழற்றும்.
அப்படியே பின்நடையாய்த்
திருப்பத்தூர் வந்து சேர்ந்தபோது
அது போய்வந்த ஊருக்கு வழியில்லை.
ஆணி பிடுங்கிய கூலிகளில்
வாலிபத்தில் அதே ஆணியை அடித்தவர்களும்
இருந்திருக்கலாம். பதிவேட்டில் இல்லை.

எல்லைக்கல் என்று இருவரும் காட்டியது
கல்லே அல்ல.
நட்டு நிறுத்திய தண்டவாளத் துண்டு, துருவில் பாதி.
யுத்தத்துக்கு ஒரு முழம் குறைவாகத்தான் போயிருக்கிறது.

"இந்தத் துண்டு நிலம்
உங்களுக்குமில்லை, அவருக்குமில்லை.
புறம்போக்கு" என்றேன்.
பதினாறு வருஷமாகப் பேசாத இருவரும்
ஒரே மாமரத்தடியில் ஒதுங்கிக் குசுகுசுத்தார்கள்.
திரும்பி வந்து முனிரத்தினம்தான் கேட்டார்:
"மனுவ வாபஸ் வாங்கிக்கலாமா சார்?
நாங்க அண்ணந்தம்பி, பேசிக்கறோம்."

பதில் சொல்லவில்லை. வேலை பாக்கியிருந்தது.
வளைவை அளக்கச் சங்கிலிக்குத் தெரியாது.
குறுக்கே நேர்கோடு போட்டு
இடையிடையே குத்தளவு எடுக்கவேண்டும்.
பதினொன்று எடுத்தேன்.
சங்கிலி பிடித்த பையனை நேராக நட என்றேன்.
நான்கு எட்டு நேராக வைத்தான்.
அப்புறம் கால், வளைவோடு போய்விட்டது.