பாதித் தலை

டக்கோராடியில் சனிக்கிழமை என்றால்
ஊரே கறுப்பும் சிவப்பும் உடுத்தும்.
சாவு எந்தக் கிழமை வந்தாலும்
எடுப்பது சனிக்கிழமை.
ஆகவே காலை ஏழுக்கே
செலோமின் தகரக் கடையில் கூட்டம்.

கப்பலில் வந்து திரும்பிப் போகாத கன்டெய்னர் அது.
ஒரு பக்கத்தை அறுத்துக் கதவு வைத்திருக்கிறான்.
சுவரில் இருபத்துநாலு தலைகள், எண் போட்டு.
வரைந்தவனுக்குக் காது வராது;
இருபத்துநாலு பேருக்கும் ஒரே காது.
"பதினொன்று" என்றால் போதும்,
வேறு விளக்கம் யாரும் கேட்பதில்லை.

பெஞ்சின் அந்தக் கோடியில் டோன்கோர், டாக்ஸி ஓட்டுகிறவர்.
இந்தக் கோடியில் அசியெடு, ஐஸ் வியாபாரி.
நடுவில் நான்.
நடுவில் யாராவது உட்கார்ந்தாக வேண்டும்.
ஒன்றரை அடி மதில்,
நாலு வருஷ வழக்கு.
ஒருவரை வேறு கடைக்குப் போகச் சொல்ல
செலோமுக்கு வாய் வரவில்லை;
போக அவர்களுக்கும் மனசில்லை.

அசியெடுவின் அக்காளை இன்று அடக்கம் செய்கிறார்கள்.
அவர்தான் முதலில் நாற்காலி ஏறினார்.
முழு மொட்டை.
மெஷின் இடப் பக்கம் முடித்து
உச்சியைத் தொடும்போது
கரண்ட் போயிற்று.

இங்கே அதற்கு டும்சோர் என்று பெயர்.
அணைந்தது, எரிந்தது என்று அர்த்தம்.
எரிவது எப்போது என்று
அந்தப் பெயரில் இல்லை.

கண்ணாடியில் ஒரே கழுத்தின்மேல் இரண்டு பேர்:
ஒருவர் துக்க வீட்டுக்காரர்,
மற்றவருக்கு இன்னும் தந்தி வரவில்லை.
செலோம் ஜெனரேட்டரை ஆட்டிப் பார்த்தான்.
உள்ளே ஒரு மடக்குகூட இல்லை.
பிளேடைத் தொடுவதில்லை என்று
அவன் சத்தியம் செய்து ஆறு வருஷம்;
தொடு என்று யாரும் கேட்கவில்லை.
யாரும் சிரிக்கவும் இல்லை,
ஒரு பையனைத் தவிர.
அவனை அவன் அப்பா வெளியே கூட்டிப்போய்
அங்கே இருவருமாகச் சிரித்துவிட்டு வந்தார்கள்.

டோன்கோர் எழுந்து போனார்.
சரி, கண்ணாரப் பார்த்தாயிற்று,
இனி துறைமுகம் வரை சொல்லித் திரிவார்
என்று நினைத்தேன்.
திரும்பி வந்தார், துப்பிக்கொண்டே.
கையில் தண்ணீர்ப் பாட்டில், அதில் பெட்ரோல்.
தன் டாக்ஸியில் ரப்பர் குழாய் விட்டு
வாயால் உறிஞ்சியிருக்கிறார்.
பாட்டிலைச் செலோமிடம் நீட்டினார்,
நாற்காலிப் பக்கம் பாராமல்.

ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில்
நன்றி சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.
சொல்லவில்லை.
கண்ணாடியில் அந்த உதடுகளைத்தான்
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வலப் பக்கம் நரைநரையாக விழுந்தது.

சிவப்புத் துணியைத் தோளில் ஏற்றி
வாசலில் நின்று அசியெடு கத்தினார்:
"புதன்கிழமை கோர்ட்டுக்கு வருவாய்தானே?"
"வராமல்?"
"அதற்குள் முடி வெட்டிக்கொள்.
ஜட்ஜ் பயந்துவிடப் போகிறார்."

வக்கீல் இல்லாமல் அவர்கள் பேசி
நாலு வருஷம் ஆகிறது.

அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார்,
கரண்ட் வந்துவிட்டது.
வீட்டுக்கு வீடு கூச்சல்.
பல்பு எரிந்தது, ஃபேன் சுற்றிற்று.
ஜெனரேட்டரை நிறுத்தப் போன கையை
செலோம் எடுத்துக்கொண்டான்.
"ஓடட்டும்" என்றான், யாரிடமும் இல்லாமல்.

அடுத்து டோன்கோர்.
போர்த்திய துணியில் இன்னும்
அந்த நரைமுடி ஒட்டியிருந்தது.
"எந்த நம்பர்?"

சுவரை வெகுநேரம் பார்த்தார்.
"ஜட்ஜ் பயப்படாத நம்பர் எதுவோ,
அது."