பதினேழாம் தேதி

இடிக்கப்போகிற வீட்டுக்கு
எவளாவது பெயின்ட் அடிப்பாளா என்றான் இசக்கிராஜ்,
கார்கோவில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து
ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்று.

திலக் நகரில் எங்கள் கட்டடம்
இடிபடப் போவதாகச் சொல்லி ஏழு வருஷம்.
மூன்று பில்டர்.
ஒவ்வொருவனும் ஒரு ஸ்வீட் டப்பா தந்து
கையெழுத்து வாங்கிப் போனான்.
டப்பாக்களில் இப்போது ஊசிநூல்.

இடிக்கிற அன்றைக்கு இடிக்கட்டும்.
அதுவரை பார்த்துக்கொண்டு உட்கார
எனக்கு ஒரு சுவர் வேண்டும்.

சனிக்கிழமை டிவியைக் கழற்றினேன்.
பின்னால், பதினாலு வருஷமாய் வெளிச்சம் படாமல்
ஒரு நீலச் செவ்வகம்.
நாங்கள் குடிவந்தபோது ஹால் முழுக்க அந்த நிறமாம்.
சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை.

பழைய தோசைக்கரண்டியால் சுரண்டினேன்.
டிஸ்டம்பர் அப்பளமாய்ப் பெயர்ந்தது,
மழைத்தண்ணி ஏறிய மூலையில் மட்டும் மாவாய் உதிர்ந்தது.
தலையெல்லாம் வெள்ளை.
கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்:
அறுபது வயதில்
பரவாயில்லாமல்தான் இருப்பேன்.

கடைக்காரன் நீட்டிய அட்டையில் முந்நூறு பச்சை.
அவனுக்கு இந்தி தெரியும், எனக்கும் தெரியும்,
புளியங்கொழுந்துக்குத்தான் தெரியவில்லை.
விரலால் தொட்டுக் காட்டி வாங்கினேன்.
ஈரத்தில் ஒரு பச்சை, காய்ந்தபின் வேறொன்று.
ரெண்டாவது கோட்டில்தான் சொன்ன பேச்சுக்கு வந்தது.

பற்பசை தொட்டு ஸ்விட்ச்போர்டைத் தேய்த்தேன்.
பழைய திரைச்சீலையைப் பிரித்து சோபாவுக்கு உறை தைத்தேன்
(பூக்கள் தலைகீழாய் வந்துவிட்டன, இருக்கட்டும்).
கல்யாணத்துக்கு வந்த ஏழு கடிகாரங்களில்
ஓடாத ஆறை எடைக்குப் போட்டேன்.
டியூப்லைட் போய் மஞ்சள் பல்பு வந்ததும்
ஹாலுக்கு முதன்முதலாக
மூலைகள் இருப்பது தெரிந்தது.

மிச்சம் ஒரு பலகை.
கீழ்வீட்டு அஸ்லம் பாய், லிஃப்ட் மெக்கானிக்,
லிஃப்டே இல்லாத எங்கள் கட்டடத்தில்,
டிரில் மிஷின் கடன் தந்தார்.
நாலு அங்குலச் சுவர், மெல்ல அழுத்துங்கள் என்றார்.
மெல்ல என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை.

முதல் ஓட்டை நல்லபடி விழுந்தது.
ரெண்டாவதில், திடீரென்று,
எதிர்ப்பே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது மிஷின்.
சுவருக்கு அந்தப்புறம் ஓர் “அக பாயி!”

சுலபா காண்டேகர் வீட்டுக் காலண்டரில்
பதினேழாம் தேதிக்கு நடுவே
என் டிரில் முனை.

உருவிவிட்டுக் குனிந்து கண் வைத்தேன்.
அங்கே ஒரு கண் இருந்தது.

அவள் குக்கர் எத்தனை விசில் என்று எனக்குத் தெரியும்.
நாங்கள் சண்டை போடும்போது
அவள் டிவி சத்தத்தைக் குறைப்பாள்.
கண்ணை மட்டும் இத்தனை கிட்டத்தில்
பார்த்ததில்லை.

திட்டப்போகிறாள் என்று நின்றேன்.
“அது என்ன கலர்?” என்று கேட்டாள்.

விலகி எனக்கும் வழிவிட்டாள்.
என் ஹாலைத் திருப்பிப் போட்டது போல ஒரு ஹால்.
அதே மூலையில் அதே ஈரம்.
நான் இந்தப் பக்கம் சுரண்டிய கறையை
அவள் அந்தப் பக்கம் நாற்காலி வைத்து மறைத்திருக்கிறாள்.

டம்ளரில் கொஞ்சம் பட்டி கொடுத்தேன்.
கரண்டிக் காம்பால் அவள் அடைத்தாள்,
என் பக்கம் நான் அடைத்தேன்.
நடுவில் எங்கேயாவது தொட்டுக்கொண்டிருக்கும்.
மீதிப் பெயின்டை வாளியோடு எடுத்துப்போனாள்.

பலகை ஒரு விரற்கடை சாய்வு.
புத்தகங்கள் ஒன்றன் தோளில் ஒன்று.

காலையில் வந்த இசக்கிராஜ்
ஒன்றும் சொல்லவில்லை.
ரெண்டு செருப்பையும் வாசலில் விட்டான்,
எப்போதும் சாய்கிற இடத்தை விட்டு
சுவரைப் பார்த்த பக்கமாக உட்கார்ந்தான்.
நாலாவது பில்டர் வருகிறானாம் என்றான், கொஞ்சம் கழித்து.
மீட்டிங் பதினேழாம் தேதி.

அந்தத் தேதி
சுலபா வீட்டில் இல்லை என்றேன்.