ஏழு பேர்ச்சில் ஒரு சீமெந்துத் துண்டு

கருணாதாச வாச்சர் பென்ஷனில் ஊருக்குப் போகும்போது
சங்கிலியோடு கொடுத்துவிட்டுப் போனார்.
பெயர் சூட்டி. சின்னவன் என்று அர்த்தமாம்,
தலை என் இடுப்புக்கு வந்தது.
ஆறு வயது, கடிக்காது என்றார்.
வீட்டுக்குள் இருந்து பழக்கமா என்று
நாங்கள் கேட்கவில்லை.
நாங்களே பழகி நாலு மாதம்தான்.

முதல் நாள்
அடுப்படியில் ஒன்று, சாமிப்படத்துக்குக் கீழே ஒன்று,
டிலுக்சனின் கிரிக்கெட் சப்பாத்தில் ஒன்று.
இரண்டாம் நாள் சப்பாத்தில் மட்டும் இரண்டு.
விநாகிரி ஊற்றித் துடைத்தேன்.
வீடே அச்சாறு போத்தல் மாதிரி மணத்தது.

அடிக்காதே, மூக்கைப் பிடித்துத் தேய்க்காதே,
எதுக்கு அடி என்றே அதற்குத் தெரியாது
என்றார் நோர்வூட் மாட்டு டாக்டர்.
சாப்பிட்டதும் கூட்டிப்போ. தூங்கி எழுந்ததும் கூட்டிப்போ.
ஒரே இடத்துக்குக் கூட்டிப்போ.

கூட்டிப்போனேன்.
மஸ்கெலியா மழை தெரியும்தானே,
மேலேயிருந்து விழாது, பக்கத்தில் வந்து நிற்கும்.
ஒரு கையில் குடை, ஒரு கையில் கயிறு,
சவர்க்காரம் பூசியும் காலில் ஏறுகிற அட்டை.
புல்லில் நின்று அது என்னைப் பார்க்கும்.
நான் அதைப் பார்ப்பேன்.
பெரட்டுக்கு நேரமாகும்.
உள்ளே வந்து, காலைத் துடைத்து, கதவைச் சாத்தினால்
நடு ஹோலில், நிம்மதியாக,
ஒரு குளம்.

பக்கத்து வீட்டு ரம்யலதாதான் கண்டுபிடித்தாள்,
அதற்குத் தமிழ் தெரியாது.
"எலியட்ட" என்றாள், சும்மா.
எழுந்து வாசலுக்கு ஓடியது.
அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாயோடு மட்டும் சிங்களம்.
இரண்டாம் மொழியில் முப்பத்தொன்று எடுத்த டிலுக்சன்
வினைச்சொற்களை அதனிடம்தான் பாடமாக்குகிறான்.

ஓடும். நிற்கும். திரும்பி வரும்.
குளம் மட்டும் உள்ளேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போன வழியில்
அதன் பழைய இடத்தைப் பார்த்தேன்.
பெக்டரி அடுப்பு அறைக்குப் பின்னால்
ஆறடிக்கு நாலடி சீமெந்து, நடுவில் இரும்பு வளையம்,
சங்கிலி இழுபட்டுத் தேய்ந்த வட்டம்.
அதில்தான் சாப்பாடு, அதில்தான் தூக்கம், மற்றதும் அதில்தான்.
புல் அதற்கு எட்டவேயில்லை.
எங்கள் ஹோலும் சீமெந்து,
சிவப்புச் சாயத்துக்கு இன்னும் காசு சேரவில்லை.
அது சரியாகத்தான் செய்திருக்கிறது.

மேசன் விட்டுப்போன சிலாப் துண்டொன்றைப்
புல் ஓரத்தில் இழுத்துப் போட்டேன்.
மோந்தது. சுற்றியது. திரும்பவும் மோந்தது.
காலைத் தூக்கியது.
விடிய ஐந்து மணி, மழையில் நின்று கை தட்டினேன்.
ரம்யலதா லைட்டைப் போட்டு என்னவென்று கேட்டாள்.
மூத்திரம் என்றேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
லயத்தில் எங்களுக்குக் கக்கூசு பீலிக்கும் அப்பால்.
முப்பத்தெட்டு வருடம், இரவில் போவதென்றால்
யாரையாவது எழுப்பவேண்டும்,
இல்லையென்றால் விடியும்வரை அடக்கவேண்டும்.
இங்கே படுக்கிற அறைக்குப் பக்கத்திலேயே, வெள்ளைப் பீங்கானில்.
இன்னும் நடுச்சாமத்தில் விழித்தால்
கை டோச்சைத் தேடுகிறது, கால் வாசலுக்குப் போகிறது.
குளிர் முகத்தில் அடித்த பிறகுதான்
அட, உள்ளே இருக்கிறதே என்று வருகிறது.

நேற்றும் அப்படித்தான் திறந்துவிட்டேன்.
தனக்கென்று நினைத்து
சூட்டி என் காலை உரசிக்கொண்டு இறங்கியது.
சிலாப்பைத் தாண்டிப் போனது.
புல்லில் நின்றது,
ஈரத்தில், அட்டைகளுக்கு நடுவில்,
வெகுநேரம்.
நான் டோச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஹொந்தய்" என்றேன். வாலை ஆட்டியது.
உள்ளே வந்து அது சாக்கில் சுருண்டது.
நான் போகவேண்டிய இடத்துக்குப் போனேன்.