மடலுக்குப் பத்துப் பைசா

காலை ஒன்பது ஐந்துக்குக்
கணினியைத் திறந்தால் இருநூற்றுப் பதினேழு.
கீழே ஆலை முற்றத்தில் பழம் இறங்குகிற சத்தம்.
இங்கே குப்பை இறங்குகிறது,
சத்தமே இல்லாமல்.

எனக்கு எங்கோ லாட்டரி விழுந்திருக்கிறது.
கடல் தாண்டிய யாரோ ஒரு விதவை
தன் நாற்பது கோடியை
கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலையின் எழுத்தரை நம்பித்தான்
விட்டுப்போகப் போகிறாளாம்.
தலைமுடி வளரும். தொப்பை கரையும்.
பன்னிரண்டு மணிக்குள் அழுத்தாவிட்டால்
என் வங்கிக் கணக்கு முடங்கும்.
இவர்களுக்கெல்லாம் அடியில்
இரண்டு கண்டெய்னர் தோத்தாபுரிக் கூழுக்கு
ஜெத்தாவிலிருந்து விலை கேட்ட கடிதம் ஒன்று
மூன்று நாளாய் மூச்சுமுட்டிக் கிடந்திருக்கிறது,
ஸ்பேம் பெட்டியில்.

ஆர்டர் ஆந்திராவுக்குப் போனது.
முதலாளி முனிவெங்கடப்பா மேசையைத் தட்டினார்:
"மடலுக்குப் பத்துப் பைசா போடணும்மா. பத்தே பைசா.
நமக்கு நாளைக்கு முப்பது மடல், மூணு ரூபா,
அரை டீ கூட வராது.
கோடி மடல் அனுப்புறவனுக்குப் பத்து லட்சம்.
அப்புறம் எவன் அனுப்புவான்?"

கணக்கு சரிதான்.
அவர் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும்,
எங்கள் போனஸ் தவிர.

சாயங்காலம் சூளகிரிப் பேருந்தில்
டோல்கேட்டுக்கு இரவு வேலைக்குப் போகும் மாதேஷ்
பக்கத்துச் சீட்டில் தூங்கி வழிந்தான்.
எழுப்பிக் கேட்டேன்:
காசு வாங்க ஆரம்பித்த பிறகு வண்டி குறைந்ததா?
"கிரானைட் லாரி குறையலக்கா. அது கம்பெனி காசு.
சொகுசு பஸ்ஸு குறையல.
கொத்தமல்லிக் கட்டு ஏத்துற குட்டி யானைதான்
ஊருக்குள்ள பூந்து
ஏரிக்கரை மண்ரோட்டுல சுத்திப் போகுது."
சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனான்.

அப்படியானால் அந்த விதவை கட்டிவிடுவாள்.
நாற்பது கோடி வைத்திருக்கிறாளே.

இரவு சோறு வடித்துக்கொண்டே
முதலாளியின் சட்டத்தைத் திருத்திப் பார்த்தேன்.
காசு சர்க்காருக்கு வேண்டாம், படிக்கிறவருக்கே போகட்டும்.
வேண்டிய கடிதம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்,
சோடா பாட்டிலுக்கு வைத்த பணம் மாதிரி.
நன்றாகத்தான் இருந்தது,
கஞ்சி பொங்கி அடுப்பை அணைக்கும்வரை.
வேண்டியதா என்று திறந்து பார்த்தால்தானே தெரியும்?
திருப்பித் தருகிறவர் தரும்வரை
அனுப்பியவர் கையில் என்ன இருக்கும்?

படுக்கப் போகுமுன் என் பழைய மடல்களைத் திறந்தேன்.
ஐந்து வருஷம் முன்பு, பாலக்கோடு,
பேருந்து நிலையத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டர்.
அரைமணிக்குப் பதினைந்து ரூபாய்.
பையில் இருந்ததும் அதுவே.
'மதிப்பிற்குரிய ஐயா, பி.காம் முடித்துள்ளேன்.'
நூற்று நாற்பத்து மூன்று கம்பெனிக்கு
அதே கடிதம், அதே எழுத்துப்பிழை.
பதினோரு இடத்தில் கம்பெனிப் பெயரைக்கூட மாற்றவில்லை.

யாரும் கேட்காத கடிதம்.
எல்லாருக்கும் ஒரே கடிதம்.
அதற்கு என்ன பெயர் என்று
தினமும் காலையில் நானே முத்திரை குத்துகிறேன்.

நூற்று நாற்பத்து மூன்றைப் பத்துப் பைசாவால் பெருக்கினேன்.
பதினாலு ரூபாய் முப்பது பைசா.
எழுபது பைசாவுக்கு எத்தனை நிமிஷம் கணினி தருவார்கள்?
இந்த ஆலை அந்தப் பட்டியலில்
நூற்று முப்பத்தெட்டாவது.
பதில் வந்தது இந்த ஒன்றிலிருந்து மட்டும்.
முனிவெங்கடப்பா அன்று எதையோ தொலைத்துவிட்டுக்
குப்பைப் பெட்டியில் கைவிட்டுத் துழாவியிருக்கிறார்.
அவருக்கு அது ஞாபகம் இல்லை.
நானும் சொன்னதில்லை.

காலை. இருநூற்று முப்பத்தொன்று.
எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அழிக்கும் கை
இன்று ஒவ்வொன்றாய் இறங்கியது.
லாட்டரி. தொப்பை. விதவை, இம்முறை ஐம்பது கோடி.
நூற்றுப் பன்னிரண்டாவதில்
பென்னாகரத்திலிருந்து சின்னப்பையன் மகன் அருள்குமரன்,
டிப்ளமோ, 'மதிப்பிற்குரிய ஐயா'.
கீழே ஓசூர் மோட்டார் கம்பெனி ஒன்றின் பெயர்.
அவசரத்தில் மாற்ற மறந்திருக்கிறான்.

மாற்றினேன்.
முதலாளிக்கு அனுப்பினேன்.