பன்னிரண்டாவது தலை

காலை ஏழரை, யெரெவான்.
எண்ணினேன்: பதினொன்று.
செரோப் வண்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்,
கடைவாயில் அணைந்த சிகரெட்டோடு.

எண்ணுவதுதான் என் தொழில்.
வரலாறெல்லாம் நடுவில் வருகிற பேச்சு.
ஏறும்போது பதினொன்று, இறங்கும்போது பதினொன்று,
பாதாமிப் பழம் விற்கும் வளைவில் பத்து;
என் மூச்சு நின்று
யாரோ கொட்டையைத் துப்பியபடி வர
பதினொன்று.
ஆட்டுக்காரனுக்கு மணி உண்டு, நாய் உண்டு.
எனக்கு ஒரு மஞ்சள் குடை.

முதல் நிறுத்தத்தில் நான்கு தூண்கள் நின்றன,
மற்றவை புல்லில் படுத்திருந்தன.
"நிலநடுக்கம்" என்றேன், நூற்றாண்டைச் சொன்னேன்.
பெல்ஜியத்துப் பல் மருத்துவர் கேட்டார்,
"உங்களுக்கு எந்த ஊர்?"
கும்ரி என்றேன்.
எனக்கு நான்கு வயதான டிசம்பரில்
பள்ளிக்கூடமும் ரொட்டிக்கடையும் எங்கள் மாடிப்படியும்
ஒரே குவியலானதைச் சொல்லவில்லை.
அந்த இடிபாட்டுக்கு இன்னும்
சீட்டுக் கிழிக்கும் வயதாகவில்லை.

மடாலயத்தில்
மணல் தட்டில் மெழுகுவர்த்தி நட்டோம்.
லியோன் நகரத்து அக்காவும் தங்கையும்
ஒரே மெழுகுவர்த்தியை இருவருமாகப் பிடித்து ஏற்றினார்கள்.
யாருக்கென்று கேட்பது என் வேலையில்லை.
பீடத்துக்கு முதுகு காட்டக் கூடாது
என்று மட்டும் சொல்லித் தந்தேன்.
பதினொரு பேரும் பின்பக்கமாக நடந்து
ஒருவர் காலை ஒருவர் மிதித்து
மன்னிப்புக் கேட்டுக் கேட்டு
வெயிலுக்குள் விழுந்தார்கள்.

செரோப் உள்ளே வருவதில்லை.
சுனைத் தண்ணீரில் சக்கரம் கழுவுவான்.
"அவருக்கும் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி" என்பான்.
யார் யாருக்குத் தரவேண்டும் என்று
இதுவரை சொன்னதில்லை.

பிறகு மலைமேல் ஊர்.
பயணத் திட்டத்தில் அதன் பெயர்
'உள்ளூர் வாழ்க்கை, நாற்பது நிமிடம்'.
குழியடுப்பின் சுவரில் மாவை அறைந்து
லவாஷ் சுட்டுத் தந்தார்கள்.
அடுப்புக்குள் தலைகீழாகக் குனிந்த பெண்ணின்
உள்ளங்காலைத்தான் எல்லோரும் படமெடுத்தார்கள்.

மூடுபனி இறங்கியது. கதவைச் சாத்தி எண்ணினேன்.
பன்னிரண்டு.
விரல் நீட்டி மறுபடி எண்ணினேன்.
கடைசி வரிசை ஜன்னலோரம்
மடியில் ஒரு வாளி பாலாடைக்கட்டி,
காலடியில் கால் கட்டிய சேவல்,
கன்னத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு.
"ஷோகிக்" என்றாள், பெயர்தான் சீட்டு என்பதுபோல.
"பஸ் நின்று ஒன்பது நாளாகிறது.
கோரிஸுக்குப் பல் டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார்."
கண்ணாடியில் செரோப்
என் கண்ணைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான்.

கணவாயில் வண்டியை நிறுத்தச் சொல்லி
பெல்ஜியக்காரர் கைபேசி விளக்கை
அவள் வாய்க்குள் பிடித்தார்.
வெகுநேரம் பார்த்தார்,
காலையில் தூண்களைப் பார்த்ததைவிட நேரம்.
"பிடுங்கத்தான் வேண்டும்" என்றார். மொழிபெயர்த்தேன்.
"அது தெரிந்துதானே ஏறினேன்" என்றாள்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள்.
உங்கள் ஊருக்குக் கீழே, கூரை போன அந்த மடம் என்றேன்.
"ஓ, அதுவா. மாட்டைக் காணோமென்றால்
முதலில் அங்கேதான் தேடுவேன்.
ஆடி வெயிலிலும் தரை சில்லென்றிருக்கும்."
இதை மொழிபெயர்த்தேன்.
ஒரு குறிப்பேட்டில் யாரோ எழுதிக்கொண்டார்கள்.

கோரிஸ். விளக்குகள் ஏற்றியாயிற்று.
எவ்வளவு என்று கேட்டாள்.
ஒன்றும் வேண்டாமென்று செரோப் கைவிரித்தான்.
வாளியோடு படியிறங்க முடியாமல்
பின்பக்கமாக இறங்கினாள்,
எங்களுக்கு முதுகு காட்டாமல்.
வண்டிக்குள் யாரும் பேசவில்லை.
இது என்ன சடங்கு என்று
லியோன் தங்கை என் காதில் கேட்டாள்.

விடுதி வாசலில் எண்ணினேன்: பதினொன்று.
படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடும்போது
கடைசி இருக்கைக்கு அடியில் எதுவோ செருமியது.
மறந்து போனாளோ, விட்டுப் போனாளோ.
செரோப் குனிந்து பார்த்தான்,
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான், சிரித்தான்.
ஒரு சிவப்புக் கண்
எங்கள் இருவரையும்
மாறி மாறி எண்ணிக்கொண்டிருந்தது.