முப்பது சென்

நீக்கப்பட்டது என்னும் சாம்பல் கட்டத்தைக் காட்டி
"எடுத்துட்டானுங்க பாத்தியா, அப்ப உண்மைதான்"
என்றார் லோரிக்காரர் அஞ்சப்பன்.
முதல் நாளே படம் பிடித்து வைத்திருந்தார்:
கற்பூரம் கரைத்த வெந்நீர், மூன்று வேளை,
ஊசி வேண்டாம்.

பத்தாங் பெர்ஜுந்தை பஸ் நிற்கும் இடத்தில்
என் போட்டோஸ்டாட் கடை.
தாளுக்கு முப்பது சென்.
நாற்பது தாள் கேட்டார்.
நடமாட்டக் கட்டுப்பாடு, மூன்று மாத வாடகை பாக்கி.
இயந்திரத்துக்குப் படிக்கத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

செம்பனைக் குலை எடைபோடும் கொட்டகை,
மாரியம்மன் கோயில் மதில்,
பூட்டிய கள்ளுக்கடைக் கதவிலும்
என் மை.

ஒன்பதாம் நாள்
திலகேஸ்வரியின் மகனுக்கு வலிப்பு.
ஐந்து வயது.
ஆம்புலன்ஸ் செம்மண் பாதையில் வழி கேட்டுக்கேட்டு வந்தது.

எங்கோ ஒருவன் பொத்தானைத் தொட்டான், போயிற்று.
எனக்கு நகம்தான்.
ராத்திரி மதிலைச் சுரண்டினேன்.
"ஊசி வேண்டாம்" கையோடு வந்தது.
"மூன்று வேளை" சுண்ணாம்போடு ஒட்டிக்கொண்டு
வரவே மாட்டேன் என்றது.

பின்னால் லோரி விளக்கு.
"உன்னையும் விலைக்கு வாங்கிட்டானுங்களா?"

பன்னிரண்டு ரிங்கிட், அண்ணே,
நீங்கதான் கொடுத்தீங்க
என்று சொல்ல
வாய் வரவில்லை.